மோர் கொடுக்கச் சொன்ன பாரசீகக்காரன்

என் இருபத்தைந்தாவது வயதில் முந்நூற்று அறுபத்தைந்து பொன்மொழிகள் எழுதினேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் கடைப்பிடித்ததில்லை. எல்லாவற்றையும் கடைப்பிடித்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய பெண்ணைத்தான் நான் கேட்டுப் போனேன்.

அப்போது திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகத்தில் எனக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ், திருவிழா நோட்டீஸ் என்று எதுவும் என் கண்ணில் படாமல் வெளியே போகாது. ஊரில் ஒருவன் கல்யாணம் செய்தாலும் செத்தாலும் அவனை எழுத்துப்பிழை இல்லாமல் அனுப்பி வைப்பது என் பொறுப்பு. புரட்டாசி பிறந்துவிட்டால் இதோடு தினசரி காலண்டர் வேலையும் சேர்ந்துகொள்ளும். சாமி படம் போட்ட அட்டை சிவகாசியிலிருந்து வந்துவிடும். அதில் தைக்கிற தேதித் தாள் எங்கள் அச்சகத்தில் ஓடும். தேதி, கிழமை, ராகு காலம், எமகண்டம், அடியில் இரண்டு வரி பொன்மொழி.

பொன்மொழிகளுக்கென்று முதலாளியிடம் ஒரு நோட்டு இருந்தது. வருஷா வருஷம் அதே நோட்டுதான். போன வருஷம் ஜனவரியில் வந்ததை இந்த வருஷம் ஜூலைக்கு மாற்றுவார், ஜூலையில் வந்ததை மார்ச்சுக்குத் தள்ளுவார். ஊரில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. பொன்மொழியை எவனும் மத்தியானத்துக்கு மேல் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்பது அவருடைய தொழில் அனுபவம். 1962 புரட்டாசியில் அந்த நோட்டை எடுத்துப் பிரித்தால் பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. மிஞ்சிய பக்கங்களில் பொன்மொழிகளுக்கு வால் இருந்தது, தலை இல்லை.

"ஏம்ப்பா, நீ இன்டர் வரைக்கும் படிச்சவன்தானே?" என்றார் முதலாளி.

"படிச்சேன். பாஸ் பண்ணல."

"பாஸ் பண்ணவன்லாம் ஆபீஸ் வேலைக்குப் போயிட்டான். நீதான் இருக்க. எழுது. பத்து நாள்ல முடிச்சுக் குடுத்துடு."

நாளைக்கு முப்பத்தாறு பொன்மொழி வீதம் எழுதிப் பார்த்தால்தான் ஞானிகள் ஏன் காட்டுக்குப் போனார்கள் என்பது புரியும். முதல் நாள் எனக்குத் தெரிந்த நல்லதெல்லாம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் எனக்கே ஒப்புதல் இல்லாத நல்லவற்றை எழுதினேன். மூன்றாம் நாளிலிருந்து வாயில் வந்ததுதான். அதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. எவ்வளவு பெரிய உண்மையாக இருந்தாலும் இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும். அச்சுக் கோப்பவர் வேறு வந்து, பெட்டியில் 'ஞா' எழுத்து மொத்தமே நாலுதான் இருக்கிறது, ஒரே தடவையில் பதினாறு தேதி அச்சேறுகிறது, அதனால் ஞானத்தைப் பற்றி ரொம்பவும் எழுதாதே என்று எச்சரித்துவிட்டுப் போனார். அந்த வருஷத்துக் காலண்டரில் ஞானம் குறைவாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

அடியில் யார் சொன்னது என்று போட வேண்டுமே? பெரிய மனிதர்களின் பெயரைப் போட எனக்குத் துணிச்சல் இல்லை. படித்தவன் எவனாவது வந்து எந்தப் புத்தகத்தில், எத்தனையாவது பக்கத்தில் என்று கேட்பான். தேசத்தின் பெயரைப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. சந்தேகப்படுகிறவன் கப்பல் ஏறிப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். அரபுப் பழமொழி, ஜப்பானியப் பழமொழி என்று பிரித்துக் கொடுத்தேன். ஆனால் சீனாவுக்குத்தான் ஜாஸ்தி கொடுத்தேன். 'சீனப் பழமொழி' என்று அடியில் போட்டால் மேலே என்ன எழுதியிருந்தாலும் அதற்கு ஒரு ஆழம் வந்துவிடுகிறது.

என் போதாத காலம், நாங்கள் பிப்ரவரித் தாளை அச்சேற்றிக்கொண்டிருந்தபோது சீனாக்காரன் எல்லையில் இறங்கிவிட்டான். முதலாளி கையில் பேப்பரோடு ஓடி வந்தார்.

"நம்ம ஆளுங்களைச் சுட்டுக்கிட்டு இருக்கான், நீ அவன் சொன்ன புத்திமதியை வீட்டு வீட்டுக்கு மாட்டி வைக்கப் போறியா? கடையைக் கொளுத்திடுவானுங்கப்பா!"

"அவன் சொல்லல முதலாளி, நான்தான்..."

"அதை ஊர்ல போய் யார் சொல்றது? தூக்கு எல்லாத்தையும்."

எல்லாவற்றையும் தூக்கினால் திரும்ப எழுத வேண்டும். அதற்குப் போர்முனைக்கே போய்விடலாம். அச்சான ஜனவரி, பிப்ரவரித் தாள்களில் 'சீன' என்ற சொல்லின் மேல் ஒரு கறுப்புப் பட்டையை ஓட்டினோம். பழமொழி மட்டும் நின்றது, ஊர் போய்விட்டது. மற்ற பத்து மாதத்துக்கும் கையெழுத்துப் பிரதியில் 'சீன' என்று இருந்த இடத்திலெல்லாம் 'பாரசீக' என்று திருத்தினேன். பாரசீகத்தைத் தேர்ந்தெடுத்தவர் முதலாளிதான். "அவன் நம்மகிட்ட வம்புக்கு வரமாட்டான்" என்றார்.

முதலில் வம்புக்கு வந்தவர் பரங்கிப்பேட்டை ஜவுளிக்கடை பாய். நான் குடியிருந்தது சிதம்பரத்தில். காலைப் பாசஞ்சரில் திருப்பாதிரிப்புலியூருக்குப் போய் மாலை வண்டியில் திரும்புவேன். பாய் பரங்கிப்பேட்டையில் ஏறுவார். கடைக்கு எங்களிடம்தான் காலண்டர் வாங்கியிருந்தார். தை மாதம் ஒரு நாள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"தம்பி, நான் பினாங்குல பதினாலு வருஷம் கடை வச்சிருந்தவன். அரபுக்காரங்களோட ஒரே பாயில உக்காந்து சாப்பிட்டவன். 'ஒட்டகத்துக்குத் தாகம் எடுத்தா தேங்காய் தானா விழும்'னு ஒருத்தனும் சொல்லி நான் கேட்டதில்லையே. அவுங்க ஊர்ல தென்னமரம் ஏது?"

"அது பழைய அரபு, பாய்."

"எவ்வளவு பழசு?"

"ரொம்ப."

பாய் ஆலப்பாக்கம் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தாளை மடித்துக்கொண்டு, "அடுத்த வருஷம் பேரீச்சம்பழமாவது போடு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

இனி சிதம்பரத்துக் கதை. தெற்கு வீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் எனக்கு ஒரு மாடி அறை. எதிர்வீட்டில் ஒரு போஸ்ட்மாஸ்டர், அவர் சம்சாரம், அவர்களுக்கு ஒரே பெண். எங்களுக்குள் ஒரு தினசரி பங்கு. ஒரே பேப்பர், காலையில் அவர்களுக்கு, சாயங்காலம் எனக்கு. மறுநாள் ரயிலுக்குப் போகும்போது பழைய பேப்பரை அவர்கள் வீட்டு ஜன்னலில் செருகிவிட்டுப் போக வேண்டும். எடைக்குப் போடுவது அந்த அம்மாளின் உரிமை.

சேதியைப் பங்கு போடுவதில் தகராறு இல்லை. காலையில் செத்த மந்திரி சாயங்காலமும் செத்துத்தான் கிடப்பார். குறுக்கெழுத்தைத்தான் பங்கு போட முடியவில்லை. முதல் வாரம் பூராவும் எனக்கு முழுவதும் நிரப்பின கட்டம்தான் வந்தது. இதற்குப் பாதிக் காசு நான் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று சண்டைக்குப் போனேன். போஸ்ட்மாஸ்டர் நியாயஸ்தர். இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு, "குறுக்கே நாங்க போட்டுக்கறோம், நெடுக்கே நீங்க போட்டுக்குங்க தம்பி" என்று தீர்ப்புச் சொன்னார். குறுக்கே எல்லாம் போட்டுவிட்டால் நெடுக்கே பாதி எழுத்து தானாக விழுந்துவிடுமே, அதில் எனக்கு என்ன பெருமை என்று கேட்டேன். "அப்ப உங்களுக்குச் சுலபம்தானே?" என்றார். தபாலாபீஸ்காரர்களிடம் வாதாட முடியாது.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் பென்சிலால் நிரப்பின பாதிக் கட்டம் எனக்கு வரும். எழுத்து ஒவ்வொன்றும் கட்டத்தின் நடுவில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயாமல் உட்கார்ந்திருக்கும். நான் மீதியை நிரப்பி மறுநாள் ஜன்னலில் செருகுவேன். அன்றைய பேப்பர் வரும்போது ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு வரி இருக்கும். 'நேற்று நெடுக்கே இரண்டு தவறு.' சில நாள் 'மூன்று தவறு. யோசிக்கவும்.' அரசாங்க உத்தியோகஸ்தருக்கு இவ்வளவு ஓய்வா என்று எனக்கு எரிச்சலாக வரும். 'உங்கள் குறுக்கே நாலாவதால்தான் என் நெடுக்கே ஆறாவது தப்பாயிற்று' என்று நானும் எழுதி அனுப்பினேன். 'நாலாவது சரி. விடை பார்க்கவும்' என்று வந்தது. பார்த்தேன், சரிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போஸ்ட்மாஸ்டர் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். சமாதானமாகப் போவோம் என்று கிட்டப் போய், "சார், நேத்து குறுக்கே ஒம்போது எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"எந்த ஒம்போது?" என்றார்.

உள்ளே ஒரு பெண் சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்த சிரிப்பு. போஸ்ட்மாஸ்டர் சக்கரத்தைத் துடைப்பதில் மும்முரமானார். எனக்கு விஷயம் புரிந்தது. நாலு மாதமாக என்னை யோசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது யார் என்பதும் புரிந்தது. அன்றிலிருந்து மாலை வண்டி கிள்ளையில் கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் எனக்குக் கோபம் வந்தது. சிவப்புப் பென்சிலுக்காகத்தான் வேண்டுமென்றே தப்புப் போட்டேன் என்று பிற்காலத்தில் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

சிநேகத்தை வளர்க்கலாம் என்று 1963 பிறக்கும்போது எதிர்வீட்டுக்கு ஒரு காலண்டர் கொடுத்தேன். அதைவிட ஒரு தேளைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

போஸ்ட்மாஸ்டருக்குப் பழக்கம், காலையில் குளித்து விபூதி பூசி ஆறு மணிக்குத் தாளைக் கிழிப்பார். கிழித்து, பொன்மொழியை உரக்கப் படிப்பார். தந்தி வாசகத்தைப் படித்துப் படித்துக் கனத்துப்போன குரல், சந்து முழுக்கக் கேட்கும். எதிர் மாடியில் நான் வாயில் பல்பொடியோடு நின்று, என் பொய்களை ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவ்வளவு கம்பீரமாகப் படித்தால் எனக்கே அவை உண்மை போலத் தோன்றும். எனக்கென்று ஒரு காலண்டர்கூட வைத்துக்கொள்ளவில்லை. எதற்கு?

கேட்டுவிட்டு விடுகிறவராக இருந்தால் பரவாயில்லை, அவர் அதன்படி நடந்தார். நடந்ததோடு குடும்பத்தையும் நடத்தினார். 'பேசாத நாளில் பகை பிறப்பதில்லை' என்று ஒரு தாளில் வந்துவிட்டது. அன்று முழுக்க அந்த வீட்டில் மூன்று பேரும் சைகைதான். 'எண்ணெய் விளக்குக்கு, உப்பு கடலுக்கு' என்று பாரசீகக்காரன் சொன்ன தினத்திலிருந்து ஒரு வாரம் அப்பளத்தைச் சுட்டார்கள். இதை எழுதும்போது நான் என்ன அர்த்தத்தில் எழுதினேன் என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது. அந்த அம்மாள் மட்டும் வாசலில் கோலம் போட்டபடி முணுமுணுப்பாள்.

"அந்தப் பாரசீகக்காரன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்."

சித்திரையில் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி நடந்தது. தாளைப் படித்தார். படித்துவிட்டு வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தைச் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு அதே பாசஞ்சரில் ஏறினார். லீவு போட்டிருக்கிறாராம். முதுநகர் வந்ததும் எழுந்தார். இறங்கும்போது, எங்கே சார் என்றேன். "ஒரு வேலை" என்றார்.

ஆவணி பிறந்தது. அவருக்குத் தென்காசிப் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. புரட்டாசி பிறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். சேதி எனக்குக் குறுக்கெழுத்தின் ஓரத்தில்தான் வந்தது. சிவப்புப் பென்சில் இல்லை, சாதாரணப் பென்சில். 'இந்த மாதக் கடைசியோடு பேப்பர் பங்கு முடிகிறது.' அன்று நெடுக்கே ஒன்றுகூட என்னால் போட முடியவில்லை. வெறும் கட்டத்தோடு பேப்பரை ஜன்னலில் செருகிவிட்டு ரயிலேறிவிட்டேன். மறுநாள் ஓரத்தில், 'நேற்று நெடுக்கே எல்லாம் தவறு' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு உடனே விருத்தாசலத்துக்கு அம்மாவுக்குக் கார்டு எழுதிப் போட்டேன்.

ஜாதி, ஜாதகம் எல்லாம் பெரியவர்கள் விசாரித்தார்கள், பொருந்தியது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் மாமாவும் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்களை அழைத்துவர விடியும் முன்பே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். அன்று ஆறு மணிப் பொன்மொழியை நான் கேட்கவில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்.

எட்டு மணிக்கு எதிர்வீட்டில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தோம். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த கதம்பத்தையும் பழத்தையும் தட்டில் வைத்தாள். மாமா மழை, மாற்றல், தென்காசிச் சாரல் என்று பேச்சை ஓட்டினார். போஸ்ட்மாஸ்டர் 'ம், ம்' என்றார். மனிதர் முகமே சரியில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் சம்சாரம் தட்டோடு வந்தாள். பெண் பார்க்க வந்தால் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வரும், காபி வரும். மாமா அதற்காகவே பஸ்ஸில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். தட்டில் நாலு டம்ளர் மோர் இருந்தது.

அம்மா டம்ளரையும் என்னையும் பார்த்தாள். மாமா டம்ளரை மட்டும் பார்த்தார். அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன்.

'வந்தவனுக்கு உடனே மோர் கொடு; பெண்ணைக் கொடுக்க ஒரு வருடம் யோசி. – பாரசீகப் பழமொழி.'

புரூஃப் பார்க்கிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான், அர்த்தத்தைப் பார்க்க மாட்டான். ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று இதே வரியை நான் இரண்டு தடவை பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"தப்பா நெனைக்காதீங்க," என்றார் போஸ்ட்மாஸ்டர். "எனக்குத் தம்பியைப் பிடிக்கும். ஆனா பெரியவங்க வாக்கை நான் மீறினதில்ல. ஒரு வருஷம் போகட்டும்."

"ஒரு வருஷமா?" என்றாள் அம்மா.

ஒரு வருஷத்தில் இவர்கள் தென்காசியில் இருப்பார்கள். அங்கே எதிர்வீட்டில் பேப்பர் பங்குக்கு எவனாவது ஒரு இன்டர் பாஸ் பண்ணினவன் இருப்பான். நெடுக்கே எல்லாம் சரியாகப் போடுவான். சொன்னால் நான் ஏமாற்றுக்காரன். சொல்லாவிட்டால் எனக்கு அவள் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன்.

"சார், அது பாரசீகக்காரன் சொன்னதில்ல."

"பின்ன யாரு?"

"முதல்ல சீனாக்காரன்னு போட்டிருந்தது. சண்டை வந்ததால மாத்திட்டோம்."

"சீனாக்காரன் சொன்னதா?"

"அவனும் இல்ல சார். நான்தான். அதை மட்டும் இல்ல. இந்தக் காலண்டர்ல இருக்கிற எல்லாமே நான் எழுதினதுதான். கரையான் நோட்டைத் தின்னுடுச்சு."

மாமா மோரைக் குடித்துவிட்டார். அதுவாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் சுட்ட அப்பளம் அத்தனையும் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் எழுந்து அலமாரியைத் திறந்தார். தபால் விதிப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தேதித் தாளை எடுத்து என் முன்னால் நீட்டினார். சித்திரை மாதத்துத் தாள்.

'கோபம் கிழவனானால் அதற்கு நாம்தான் சோறு போட வேண்டும். – பாரசீகப் பழமொழி.'

"இதுவும் நீங்கதானா?"

எனக்கு அந்தப் பொன்மொழி நன்றாக நினைவிருந்தது. முதலாளியோடு கோபித்துக்கொண்டு மத்தியானம் சாப்பிடப் போகாமல் வீம்பாக உட்கார்ந்து எழுதினது. எழுதும்போது என் நினைப்பெல்லாம் சோற்றில்தான் இருந்தது.

"ஆமா சார்" என்றேன்.

"எங்கண்ணன் முதுநகர்ல இருந்தாரு. பாகம் பிரிச்சதுல சண்டை. பதினோரு வருஷம் முகத்துல முழிக்கல. இதைப் படிச்சிட்டுத்தான் அன்னைக்குப் போனேன். உக்காந்து சாப்பிட்டோம். வழியனுப்ப ஸ்டேஷன் வரைக்கும் வந்தாரு. ஆனி மாசம் போயிட்டாரு."

நான் தரையைப் பார்த்தேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது. ஒரு மனிதர் தன் அண்ணனிடம் போன வழியில், கடைசியில் பார்த்தால், நான் நின்றுகொண்டிருந்தேன், அதுவும் பசியோடு. அவ்வளவு வெட்கமும் அவ்வளவு சந்தோஷமும் எனக்கு ஒரே சமயத்தில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"ஒரு புரூஃப் பாக்கற பையன் பேச்சைக் கேட்டா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போனேன்?" என்றார் போஸ்ட்மாஸ்டர். குரல் ஏறியது.

உள்ளேயிருந்து அவள் வந்தாள். இன்னும் யாரும் வரச் சொல்லவில்லை. பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கையில் காபித் தட்டுக்குப் பதில் ஒன்றுமில்லாமல் வந்து நின்றாள்.

"யாரு எழுதினதுன்னு பாத்தா போனீங்க? பாரசீகம் எங்கேம்மா இருக்குன்னு அன்னைக்கு என்னைத்தானே கேட்டீங்க. எனக்கும் தெரியலன்னேன். அதுக்காக நீங்க நிக்கலியே. சட்டையைப் போட்டுக்கிட்டுப் போயிட்டீங்க. பெரியப்பாகிட்டப் போனது நீங்கதான்ப்பா."

போஸ்ட்மாஸ்டர் மகளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதை மறுபடி மடித்தார். கிழித்துவிடுவாரோ என்று பயந்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மோரை எடு," என்றார் சம்சாரத்திடம். "காபி போடு."

அது சம்மதமா, மரியாதைக்கு ஒரு காபியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. காபி வந்தது. போஸ்ட்மாஸ்டர் தம் டம்ளரைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். மாமா பஸ்ஸில் ஏறும்போது, "அடுத்த வருஷமாவது மோருக்குப் பதிலா பஜ்ஜின்னு எழுதுடா" என்றார். அவருக்கு விளையாட்டு. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கே பல்பொடியோடு ஜன்னலில் நின்றேன். எதிர்வீட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு விபூதி பூசும் நேரம். கோயில் மணி ஆறு அடித்தது. தாள் கிழிபடும் சத்தமும் கேட்டது. குரல் வரவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சந்து மௌனமாக இருந்தது. நம்பிக்கை போய்விட்டது, என் கதையும் முடிந்தது என்று முடிவு செய்து வாயைக் கொப்பளித்தேன்.

"மாப்ளே!"

போஸ்ட்மாஸ்டர் வாசலில் நின்று அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் அன்றைய தாள்.

"நீங்க எழுதினதை நான் ஏன் தொண்டை கிழியப் படிக்கணும்? எறங்கி வந்து நீங்களே படிங்க."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சட்டைகூடப் போடவில்லை, துண்டோடு ஓடினேன். வாசலில் அவர், கோலத்தின் பக்கத்தில் அவர் சம்சாரம் இடுப்பில் காலிக் குடத்தோடு, ஜன்னலுக்குப் பின்னால் அவள். தாளை வாங்கினேன். என்ன எழுதியிருந்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

"நூறு நல்ல வார்த்தை சொன்னவனைவிட ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தவன் உயர்ந்தவன். பாரசீகப் பழமொழி."

ஜன்னலுக்குப் பின்னால் அதே சிரிப்பு. போஸ்ட்மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டு, "பெரியவங்க வாக்கு, மீறக்கூடாது" என்றார்.

அவர் சம்சாரம் ஓர் அடி முன்னால் வந்தாள். எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பாரசீகக்காரன் துண்டோடு எதிரே நிற்கிறான். குடத்தை இடுப்பிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். தெருமுனைக் குழாயில் எனக்கு முன்னால் ஏழு குடம் இருந்தது.